நகையும் நஞ்சும்: பள்ளிச் சூழ்ச்சியைப் பேசும் சில திரைப்படங்கள்

சென்ற ஆண்டு, தாம்பரத்தை அடுத்த எங்கள் சபையின் இளைஞர் ஐக்கியத்தார் ஒரு சனிக்கிழமை மாலையில், ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் திரை கட்டி, ‘மீன் கேர்ள்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் காட்டினார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவியர் ஒருவரையொருவர் தந்திரமாய் ஆட்டிவைப்பதை நகைச்சுவையாகச் சொல்லும் படம் அது. மறுநாள் ஆராதனை முடிந்தவுடன் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளைகளுக்குச் சூழ்ச்சியைக் கற்றுக்கொடுக்கிற படத்துக்கு நம்முடைய கூடத்தில் இடம் கொடுக்கலாமா?” என்று கேட்டார். நான் அப்படத்தை அப்போது பார்த்திருக்கவில்லை. ஆயினும், “கூடாதுதான், விசாரிக்கிறேன்” என்று விடையளித்தேன். பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் நம் ஊழியருக்குள்ள துணிவு வேறு எவருக்கும் இல்லை என்றே எண்ணுகிறேன்.

பின்னர் மனம் உறுத்திற்று. அந்தப் படத்தையும், அதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு அமெரிக்கப் படங்களையும், பள்ளிப் பிள்ளைகளின் பகையைப் பேசிய இரண்டு தமிழ்ப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். 1938-ஆம் ஆண்டு உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் கப்பலேறித் தாம்பரத்திற்கு வந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடி, உலகிற்கு நற்செய்தியை எவ்வாறு உரைப்பது என்று ஆராய்ந்தனர். இன்று உலகம் கப்பலேறி வரவேண்டியதில்லை. மாலை மின்தொடர் வண்டியில் புத்தகப் பையோடு நிற்கும் மாணவியின் கைப்பேசிக்குள் அது இருக்கிறது. இப்படங்களை நம் பிள்ளைகள் பார்க்கலாமா என்று நாம் விவாதிக்கத் தொடங்குமுன்னரே அவர்கள் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டார்கள். எதைக் கண்டு சிரித்தார்கள், அச்சிரிப்பு அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை ஆராய்வதே நமக்கு எஞ்சியுள்ள பணியாகும்.

1. நகையின் நிலைக்களன்கள்

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இவற்றுள் எள்ளலும் இளமையும் அருகருகே நிற்பது கருத்தைக் கவர்வதாகும். இளமையைக் கண்டு நகைப்பது அன்பின் நகை. குழந்தையின் மழலைக்கு நாம் சிரிப்பது அத்தகையது. எள்ளி நகைப்பதோ பிறரைத் தாழ்த்தும் நகை. நாம் இங்கு எடுத்துக்கொண்ட படங்கள் இவ்விரண்டையும் ஒரே கலத்தில் ஊற்றிக் கலக்குகின்றன. இளையோரைக் காட்டி, அவர்கள்மேல் நமக்கு இயல்பாய் எழும் அன்பின் நகையைத் தூண்டிவிட்டு, மறுகணமே அவர்கள் ஒருவரையொருவர் எள்ளி அழிப்பதைக் காட்டுகின்றன. சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் நின்றுவிடுகிறது. இவ்வகையின் வலிமையும் இடரும் அங்கேதான் உள்ளன.

அங்கதத்தையும் நம் இலக்கணம் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இரண்டாய்ப் பிரித்தது. வெளிப்படையாய் வைவது முன்னது. பழியை மறைத்துச் சொல்வது பின்னது. இப்படங்கள் பழிகரப்பு வகையின. பள்ளிக்கூடத்தைச் சொல்வதுபோலச் சொல்லி, அதனை நடத்தும் பெரியோரைப் பழிக்கின்றன. இதனை உணராமல் இவற்றைப் பிள்ளைகளைப் பற்றிய படங்கள் என்று மட்டும் கொள்வோமானால், நமக்கு எழுதப்பட்ட கடிதத்தைப் பிள்ளைகளின் பெயருக்கு வந்ததென்று திருப்பி அனுப்பியவர்கள் ஆவோம்.

2. ‘ஹெதர்ஸ்’: அடக்க ஆராதனையில் ஓர் ஆயர்

இவ்வகைக்கு முன்னோடியாய்க் கருதப்படுவது 1989-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஹெதர்ஸ்’. டேனியல் வாட்டர்ஸ் எழுத, மைக்கேல் லேமன் இயக்கியது. ஒகையோ மாநிலத்துப் பள்ளியொன்றில் ஹெதர் என்னும் ஒரே பெயருடைய மூன்று மாணவியர் அரசோச்சுகின்றனர். யாரோடு யார் உண்ணலாம், யார் எவ்வளவு அவமானப்படவேண்டும் என்பதெல்லாம் அவர்கள் ஆணை. பிறர் கையெழுத்தைப் போலச்செய்து எழுதும் திறமையால் அவர்கள் வட்டத்தில் இடம்பெற்ற வெரோனிகா என்பவள், புதிதாய் வந்த ஜே.டி. என்னும் மாணவனோடு சேர்ந்து அவ்வட்டத்தை எதிர்க்கத் தொடங்குகிறாள். எதிர்ப்பு கொலையாய் முடிகிறது. கொலைகளோ போலிக் கடிதங்களால் தற்கொலைகளாக மாற்றப்படுகின்றன.

படத்தின் உண்மையான அங்கதம் இதன் பின்னரே தொடங்குகிறது. இறந்த மாணவி உயிரோடிருந்தபோது செய்த கொடுமைகள் மறக்கப்பட்டு, அவள் ஆழ்ந்த உள்ளம் படைத்தவளாகப் போற்றப்படுகிறாள். ஆசிரியை ஒருவர் துயரத்தைத் தொலைக்காட்சிக்கு உரிய காட்சியாக மாற்றுகிறார். அடக்க ஆராதனையில் ஆயர் எழுந்து நின்று, அம்மாணவியைப் பற்றி உண்மையான ஒரு சொல்லும் கூறாமல், காலத்தையும் சமுதாயத்தையும் தொலைக்காட்சியையும் பழித்து, இளைஞர் இயேசுவிடம் வரவேண்டும் என்று இரண்டு வாக்கியம் சொல்லி அமர்கிறார். அக்காட்சியில் நான் சிரிக்கவில்லை. அந்த உரையை நானும் ஆற்றியிருக்கிறேன். பெட்டிக்குள் கிடந்தவன் யார் என்று விசாரிக்க நேரமில்லாத நாள்களில், எவர்மேலும் படாமல் காலத்தின்மேல் பழிபோடும் அந்தப் பிரசங்கம் எனக்கு எத்தனைமுறை கைகொடுத்தது என்பதை நான் அறிவேன்.

இப்படத்தின் குறையையும் சொல்லவேண்டும். மார்த்தா என்னும் பருத்த உடலுடைய மாணவியை எல்லாரும் எள்ளுகின்றனர். படம் அவ்வெள்ளலைக் கண்டிக்க விரும்புகிறது. ஆனால் நெடுநேரம் அவளை ஒரு வேடிக்கைப் பொருளாகவே நம் முன் நிறுத்துகிறது. அவள் சாக முயன்று பிழைத்த பின்னர், இறுதிக் காட்சியில்தான் வெரோனிகா அவள் அருகே சென்று, சேர்ந்து படம் பார்க்கலாமா என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வி அழகானது; ஆனால் காலந்தாழ்ந்தது. மேலும், 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் மாணவர் இருவர் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்ற பிறகு, பள்ளியையே தகர்க்க எண்ணும் ஜே.டி.யைக் கண்டு முன்போல நகைப்பது எவருக்கும் எளிதன்று. அங்கதம் மிகைப்படுத்திச் சொன்னது செய்தியாக வந்துவிட்டால், அங்கதத்திற்கு வேறு இடம் தேடவேண்டியுள்ளது.

3. ‘எலெக்‌ஷன்’: குப்பைத் தொட்டியில் இரண்டு வாக்குகள்

டாம் பெரோட்டாவின் நாவலைத் தழுவி அலெக்சாண்டர் பெய்ன் இயக்கிய ‘எலெக்‌ஷன்’ 1999-இல் வந்தது. ஒமாஹா நகரத்துப் பள்ளியொன்றில் மாணவர் மன்றத் தலைவர் தேர்தல். டிரேசி என்னும் மாணவி வெற்றிக்காக அல்லும் பகலும் உழைக்கிறாள்; அவளுடைய ஆசையின் வேகம் பிறருக்கு அச்சமூட்டுகிறது. அவளைப் பிடிக்காத ஆசிரியர் மெக்காலிஸ்டர், எல்லாருக்கும் பிரியமான பால் என்னும் விளையாட்டு வீரனை எதிர்த்து நிற்கத் தூண்டுகிறார். பாலோ, தனக்குத்தானே வாக்களிப்பது முறையன்று என்று கருதி, டிரேசிக்கே வாக்களிக்கும் வெள்ளை மனத்தினன். எண்ணி முடித்தபோது ஒரே வாக்கில் டிரேசி வெல்கிறாள். ஆசிரியர் அவளுக்கு விழுந்த இரண்டு வாக்குகளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிகிறார். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளர் அவற்றைக் கண்டெடுக்க, உண்மை வெளியாகிறது.

இந்த ஆசிரியர் கற்பிக்கும் பாடம் குடிமையியல். வகுப்பறையில் அவர் மாணவர்களிடம் விவாதிப்பது ஒழுக்கநெறியும் அறவியலும் எவ்விதம் வேறுபடுகின்றன என்பதைப் பற்றி. அவர் கொடியவர் அல்லர். தாம் செய்வது பள்ளியின் நன்மைக்கே என்று முழுமனத்தோடு நம்புகிறார். தகுதியற்ற ஒருத்தி தலைமைக்கு வந்துவிடாமல் தடுப்பது தம் கடமை என்று அவருடைய மனச்சாட்சியே அவருக்குச் சொல்கிறது. தன்னலம் நன்மையின் அங்கியை அணிந்து வருவதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய இறையியல் பாடநூல்கள் குறைவு.

உடன் ஊழியர்கள் இப்படத்தைத் தனியே அமர்ந்து பார்ப்பது நலம். நம் சபைகளில் தேர்தல் காலம் எப்படி நடக்கிறது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியல் திருத்தப்படும் நாள்களில் எந்தக் குடும்பத்தின் சந்தா நிலுவை நினைவுக்கு வருகிறது, எந்தக் குடும்பத்தின் நிலுவை மறக்கப்படுகிறது என்பது நாம் அறியாததன்று. ‘சபையின் நன்மைக்காக’ என்ற சொற்றொடரோடு தொடங்கும் தொலைபேசி அழைப்புகளையும் நாம் அறிவோம். திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் இவற்றை அறியார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் தந்தை பேசும் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்காமலா போகும்? பிள்ளைகள் சூழ்ச்சியைக் கற்பது அமெரிக்கப் படத்திலிருந்து என்று என்னிடம் வருந்திய மூப்பர், சென்ற சபைத் தேர்தலில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கியவர். அன்று அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. நானும் எந்த அணி வென்றால் எனக்கு எளிது என்று மனத்துக்குள் கணக்கிட்டவன்தான்.

4. ‘மீன் கேர்ள்ஸ்’: இரண்டாவது கேள்வி

2004-இல் மார்க் வாட்டர்ஸ் இயக்கிய ‘மீன் கேர்ள்ஸ்’, பெற்றோருக்காக ரோசலிண்ட் வைஸ்மன் எழுதிய அறிவுரை நூலொன்றைக் கொண்டு டீனா ஃபே எழுதிய கதை. மூன்றிலும் மென்மையானது இதுவே. ஆகவே மிகுதியான பிள்ளைகளைச் சென்றடைந்ததும் இதுவே. ஆப்பிரிக்காவில் வளர்ந்த கேடி என்னும் பெண், முதன்முறையாகப் பள்ளிக்கு வருகிறாள். ரெஜினா என்பவளின் தலைமையில் இயங்கும் சிறு கூட்டத்திற்குள் ஒற்றாக நுழைந்து, அதைக் குலைப்பதற்காக நண்பர்களால் ஏவப்படுகிறாள். ரெஜினாவை வீழ்த்த அவள் பூணும் வேடமே நாளடைவில் அவளுடைய முகமாகிவிடுகிறது.

இக்கூட்டம் ஓர் ஏடு வைத்திருக்கிறது. பள்ளியின் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் இழிவாய் எழுதி ஒட்டிவைத்த ஏடு அது. ஒருத்தி தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, அவளறியாமல் இன்னொருத்தி அதே இணைப்பில் ஒளிந்திருந்து கேட்பதும் படத்தில் வருகிறது. இவை இரண்டும் இன்று ஒரே கருவிக்குள் அடங்கிவிட்டன. வாட்ஸ்அப்பில் ஒரு குழு எல்லாருக்கும். அதே பெயரில், ஒருத்தியை மட்டும் நீக்கிய இன்னொரு குழு மற்றவர்களுக்கு.

இதனை நான் படத்திலிருந்து மட்டும் அறிந்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் திடப்படுத்தல் வகுப்பில் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். தென்மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து பெருங்களத்தூருக்குக் குடிவந்த குடும்பம். தந்தை சேலையூர்ப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் காவலாளி. அவள் திருமறை வாசிக்கும்போது ஊர்ப் பேச்சின் ராகம் வரும். மற்றப் பிள்ளைகளோ ஆங்கிலவழியில் பயில்பவர்கள். ஒரு நாள் அவள் நீண்ட பெயர் ஒன்றை மூன்றுமுறை முயன்று மூன்று விதமாக வாசித்தாள். வகுப்பு சிரித்தது. சில வாரங்களுக்குப் பின் அவள் வருவது நின்றது. கேட்டதற்குத் தேர்வு என்றார்கள், நானும் நம்பினேன். அவ்வகுப்பின் தலைவிபோல் விளங்கிய மாணவியை நான் எல்லார் முன்னும் பாராட்டி, ஜெபம் நடத்தும் பொறுப்பையும் கொடுத்திருந்தேன்.

நெடுநாள் கழித்து, மனம் பொறுக்காத ஒரு பிள்ளை என்னிடம் வந்து கைப்பேசியை நீட்டினாள். வாசிப்பின்போது மறைவாகப் பதிவுசெய்த குரல், இரண்டாவது குழுவில் பலமுறை சுற்றிவந்திருந்தது. கேலிப் படங்களும் உடன் இருந்தன. அந்தக் குரற்பதிவின் முடிவில் ஒரு சிரிப்புக் கேட்டது; பிள்ளைகளின் சிரிப்பைவிட உரத்தது. அது என்னுடைய சிரிப்பு.

அந்த நாளில் நான் எள்ளிச் சிரிக்கவில்லை. தொல்காப்பியர் சொன்ன இளமையின் நகையே அது என்று இன்றும் வாதாடலாம். ஆனால் அதே ஓசையை வகுப்பின் தலைவி வேறுவிதமாகப் பயன்படுத்திக்கொண்டாள். ‘ஐயாவே சிரித்தார்’ என்பது அக்குழுவில் அனுமதிச் சீட்டாயிற்று. அதிகாரத்தில் இருப்பவனுடைய சிரிப்பு அவன் கருதிய இடத்தில் நிற்பதில்லை.

‘மீன் கேர்ள்ஸ்’ படத்தில் ஒரு காட்சி உண்டு. ஏட்டின் பக்கங்கள் பள்ளியெங்கும் சிதறிக் கலகம் மூண்ட பின், ஆசிரியை மாணவியர் அனைவரையும் கூட்டி இரண்டு கேள்விகள் கேட்கிறார். உங்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் யாரேனும் இழிவாய்ப் பேசியதுண்டா என்பது முதற்கேள்வி, கைகள் உயர்கின்றன. நீங்கள் தோழியைப் பற்றி அப்படிப் பேசியதுண்டா என்பது இரண்டாவது. அதே கைகள் உயர்கின்றன. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் முதற்கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. துன்புற்றோர்க்கு ஆறுதல் சொல்கிறோம். கேட்போர் அனைவரும் தம்மைத் துன்புற்றோராகவே எண்ணி மனநிறைவோடு வீடு செல்கின்றனர். இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்திருப்பதே இப்படத்தின் சிறப்பு. எனினும் அதற்குப் பின் எல்லாரும் விரைவாக நல்லவர்களாகிவிடுகிறார்கள். கிரீடம் உடைக்கப்பட்டுத் துண்டு துண்டாய்ப் பகிரப்படுகிறது. மன்னிப்பு இவ்வளவு மலிவாய்க் கிடைப்பது நகைச்சுவைப் படத்தில் மட்டுமே.

5. தமிழில் ஏன் சிரிக்க இயலவில்லை?

தமிழ்த் திரைக்கு அங்கதம் புதிதன்று. 2021-இல் வந்த ‘மண்டேலா’ ஒரே ஒரு வாக்கைச் சுற்றி ஊராட்சித் தேர்தலையும் சாதிப் பகையையும் எள்ளிக் காட்டிற்று. ஆயினும் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும்போது தமிழ்ப்படம் பெரும்பாலும் அங்கதத்தைக் கைவிட்டுவிடுகிறது. இரண்டு படங்களை மட்டும் நோக்குவோம்.

பாண்டிராஜ் இயக்கி 2009-இல் வெளிவந்த ‘பசங்க’ தேசிய விருது பெற்ற படம். புதுக்கோட்டைப் பகுதியில் ஆறாம் வகுப்பில் பயிலும் ஜீவானந்தம், இரண்டு எடுபிடிகளை வைத்துக்கொண்டு வகுப்பை ஆள்கிறான். அவன் தந்தையே அப்பள்ளியின் ஆசிரியர். புதிதாய் வரும் அன்புக்கரசுக்கும் அவனுக்கும் மூளும் பகை இரு வீடுகளுக்கும் பரவுகிறது. பிள்ளைகளின் சண்டைக்கு வேர் பெரியோரின் சண்டையில் உள்ளது என்பதை இப்படம் கனிவோடு காட்டுகிறது. இதன் நகை முழுவதும் இளமையின் நகை. எள்ளலின் கசப்பு இதில் குறைவு. ஆகையால் முடிவில் வரும் ஒப்புரவும் எளிதாகிவிடுகிறது. பெரியவர்கள் தங்களைத் திருத்திக்கொள்கிறார்கள், பிள்ளைகளும் திருந்துகிறார்கள்.

பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘வழக்கு எண் 18/9’ 2012-இல் வந்தது. இதுவும் தேசிய விருது பெற்றது. பள்ளியொன்றை நடத்தும் செல்வாக்குள்ள தாயின் மகன் தினேஷ், உடன் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஆர்த்தியோடு பழகி, அவளறியாமல் கைப்பேசியில் அவளைப் படமெடுத்து நண்பரிடம் காட்டுகிறான். அவள் அதைக் கண்டுபிடித்து விலகியபோது, அவள்மேல் வீச எண்ணிய அமிலம் அவ்வீட்டு வேலைக்காரப் பெண் ஜோதியின் முகத்தில் விழுகிறது. காவல் ஆய்வாளர் பணத்துக்கு இணங்கி, ஜோதியை நேசிக்கும் ஏழை இளைஞன் வேலுவிடம், குற்றத்தை நீ ஏற்றால் அவளுக்குச் சிகிச்சை நடக்கும் என்று பசப்பி அவனைச் சிறைக்கு அனுப்புகிறார். பள்ளி மாணவன் தொடங்கிய சூழ்ச்சியைப் பெரியவர் நிறைவேற்றுகிறார். இருவருக்கும் விலை கொடுப்பவர்கள் பள்ளிக்கே போக இயலாத இரண்டு ஏழைகள். இப்படத்தில் நகைக்கு இடமில்லை. நீதிமன்றத்தில் ஜோதி ஆய்வாளர்மேல் அமிலம் வீசுவதோடு தீர்ப்பும் முடிந்துவிடுகிறது.

ஒன்று எளிதில் ஒப்புரவாக்குகிறது, மற்றொன்று பழிதீர்க்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, பார்ப்போன் தன்னையே சோதித்துப் பார்க்கும்படி நகைக்கவைக்கும் படம் நமக்கு வாய்க்கவில்லை. ஏன்? ஹெதர் கூட்டமும் ரெஜினா கூட்டமும் அழகாலும் பணத்தாலும் கட்டப்பட்டவை. ஒரு கிரீடத்தை உடைத்தால் கலைந்துவிடுபவை. நம் பள்ளிகளில் கூட்டம் சேர்வது பலவிடங்களில் சாதியால். அதன் அடையாளம் மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், பள்ளியில் தம்மை ஏவல்செய்ய வைத்த சக மாணவரைப் பற்றி முறையிட்டதன் பின், வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். அவர்கள் பட்டியலினக் குடும்பத்தவர். அதன் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்றும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பிள்ளையின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும்போதே பெரியவர் எழுதிவைத்த பெயர்ப்பலகையையும் மாற்றச் சொன்னது அவ்வறிக்கையின் நேர்மை.

வெட்டரிவாள் வாசலில் நிற்கும்போது அங்கதம் வாய் திறக்க அஞ்சுவது இயல்பே. ஆனால் அரிவாளுக்கு முன்னே நெடுநாள் கேலி நடந்தது, ஏவல் நடந்தது, யாரோ சிரித்தார்கள், யாரோ காணாததுபோல் கடந்து சென்றார்கள். அந்த நெடுநாள்களைக் காட்டுவதற்கு அங்கதத்தைவிடத் தக்க கருவி இல்லை.

6. யோனதாபும் யோதாமும்

சூழ்ச்சி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ஆராய்தல், ஆலோசித்தல் என்பதே பொருள். வள்ளுவரும் வினைசெயல்வகையில் அப்பொருளிலேயே அதனை ஆள்கிறார். நல்ல ஆலோசனையைக் குறித்த சொல் வஞ்சனைக்கு உரியதாய் இழிந்த வரலாறு, இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் ஒரே மனிதனில் நிகழ்கிறது. அம்னோனின் நண்பன் யோனதாப் ஆலோசனை சொல்பவன்; தாமாரை எப்படி வரவழைக்கலாம் என்று வழிசொல்லிக்கொடுத்தவன் அவனே. இரண்டு ஆண்டுக்குப் பின் அம்னோன் கொல்லப்பட்டபோது, இறந்தவன் அம்னோன் ஒருவனே என்று தாவீதுக்கு அமைதியாய் எடுத்துரைப்பவனும் அவனே. அவனுக்கு எத்தண்டனையும் வந்ததாகக் கதை சொல்லவில்லை. தாவீது கேள்விப்பட்டுக் கோபங்கொண்டான். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. இளையோரின் சூழ்ச்சி, பெரியவரின் செயலின்மை, நடுவே ஓர் இளம்பெண். நாம் மேலே கண்ட கதைகளின் எலும்புக்கூடு இது.

இவ்வரலாற்றை எழுதியவர் எங்கும் நகைக்கவில்லை. தாமாருக்கு வாதாடும் குரலைக் கொடுக்கிறார். அவள் சொல்வதை நாம் கேட்டேயாகவேண்டும். அப்படியானால் திருமறையில் அங்கதமே இல்லையோ? உண்டு. சகோதரர் எழுபதுபேரைக் கொன்று அபிமெலேக்கு அரசனானபோது, தப்பிப் பிழைத்த இளையவன் யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று, மரங்கள் முட்செடியைத் தமக்கு அரசனாக்கிய கதையைக் கூவிச் சொல்கிறான். கூர்மையான எள்ளல் அது. ஆனால் அதைச் சொல்பவன் கொலைக்குத் தப்பியவன். எள்ளப்படுபவன் அரியணையில் இருப்பவன்.

இவ்வகைப் படங்களை மதிப்பிட இதுவே தக்க அளவுகோல் என்பது என் கருத்து. சிரிப்பு எந்த இருக்கையிலிருந்து எழுகிறது? யார்மேல் விழுகிறது? ‘எலெக்‌ஷன்’ பெரும்பாலும் இச்சோதனையில் தேறுகிறது. அதன் எள்ளல் ஆசிரியர்மேல் விழுகிறது. ‘ஹெதர்ஸ்’ ஆயர்மேலும் ஆசிரியைமேலும் விழும்போது தேறுகிறது. மார்த்தாமேல் விழும்போது தவறுகிறது. ‘மீன் கேர்ள்ஸ்’ எல்லார்மேலும் சமமாய் விழுந்து, எவருக்கும் அதிகம் நோகாமல் பார்த்துக்கொள்கிறது.

7. ஊழியருக்குச் சில சொற்கள்

‘ஹெதர்ஸ்’, ‘எலெக்‌ஷன்’ ஆகியவற்றில் இளம்பிள்ளைகளுக்கு ஏற்காத காட்சிகள் உண்டு. அவற்றை வகுப்பில் காட்டுமாறு நான் சொல்லவில்லை. அவை நமக்குரியவை. இறையியல் மாணவர்கள் அடக்க ஆராதனை உரை தயாரிக்குமுன் முன்னதையும், சபை நிர்வாகம் பயிலும்போது பின்னதையும் பார்ப்பார்களாயின் பயன்பெறுவர். ‘மீன் கேர்ள்ஸ்’ஸை இளைஞரோடு சேர்ந்து பார்க்கலாம். பார்த்தபின் ‘இதிலிருந்து என்ன கற்றீர்கள்’ என்று கேளாமல், ‘எந்த இடத்தில் சிரித்தீர்கள்’ என்று கேட்டால் உண்மையான உரையாடல் தொடங்கும்.

அண்மையில் என் திடப்படுத்தல் வகுப்பில் அந்த ஆசிரியையின் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். முதற்கேள்விக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. இரண்டாவதற்கு ஒரு கையும் உயரவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தனர். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் கையை உயர்த்தினேன். குரற்பதிவைப் பற்றியும், அதன் முடிவில் கேட்ட சிரிப்பைப் பற்றியும், அவள் பெயரைச் சொல்லாமல் கூறினேன். சற்று நேரம் கழித்துக் கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது; பின்னர் இன்னொன்று.

அப்பெண்ணின் வீட்டிற்கும் நான் சென்றேன். அவள் இப்போது கல்லூரியில் பயில்கிறாள். வேறொரு சபைக்குப் போகிறாள். நான் வந்த காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, அவளுடைய தாய் காப்பி கொண்டுவந்து வைத்து, என்ன பேச்சு என்று புரியாமல் நின்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி, “பரவாயில்லை ஐயா” என்றாள். அவள் குரலில் அந்த ஊர் ராகம் இல்லை. சென்னைப் பிள்ளைகளைப்போலவே பேசினாள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.